நீலம் போனது... நஞ்சு போனதா?

போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் கண்ணைவிட மூக்குதான் முதலில் ஊரைக் கண்டுபிடிக்கும். ஏல வாசம். இடுக்கித் தோட்டங்களில் விளைந்து, ஸ்டோர்களில் ஒரு பகல் ஒரு இரவு 50 டிகிரிச் சூட்டில் உலர்ந்து, மூட்டை மூட்டையாக மலையிறங்கும் காய் இங்கேதான் சலிக்கப்படுகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் விலை போகிறது. ஏலத்துக்கே ஏலம் போடும் ஊர்.

அங்கிருந்து மலையை நோக்கிப் பதினாறு கிலோமீட்டர் போனால் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று மலையேற வந்தவர்களைச் சூழ்ந்த காட்டுத்தீக்குப் பிறகு, வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் அந்த ஒரு நாளைத்தான் நினைவூட்டுகிறது. உள்ளூர்க்காரர்களுக்குக் குரங்கணி என்றால் கொட்டகுடி ஆறு. மாந்தோப்புகளுக்கும் இலவ மரங்களுக்கும் நடுவே பாறைகளில் புரண்டு இறங்கி, போடியைத் தொட்டுக்கொண்டு வைகைப் பக்கம் போகிற ஆறு. மேலே டாப் ஸ்டேஷன். கீழே கொட்டகுடியில் அந்தக் காலத்து பாட்டம் ஸ்டேஷன். நூறு வருஷத்துக்கு முன்பு மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கயிற்றில் தொங்கியபடி இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அந்தப் பெட்டிகளைச் சுமந்த குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

மலையிலிருந்து என்னென்ன இறங்கியது என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். மலைக்கு என்ன ஏறுகிறது என்ற பேச்சு வந்தால் குரல் கொஞ்சம் தணியும். விடியற்காலை ஜீப்புகளில் ஆட்கள் ஏறுகிறார்கள். அவர்களோடு மருந்தும் ஏறுகிறது. இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் ஏலத்தின் பரம எதிரிகள். அவற்றுக்காகப் பருவத்துக்குப் பலமுறை தெளிப்பு நடக்கிறது. இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாகக் குடிக்கும் பயிர்களின் வரிசையில் ஏலத்துக்கு நிரந்தர இடம் உண்டு. எச்சம் அதிகம் என்று வளைகுடா நாடுகள் சரக்கைத் திருப்பிய கதையும் வியாபாரிகளுக்குத் தெரியும். காய் திரும்பினால் பணக்கணக்கு. தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் ஓடைக்குள் போனால், அந்தக் கணக்கை யார் எழுதுவது?

இந்த இடத்தில்தான் கல்லூரி ஆய்வகங்களிலிருந்து ஒரு செய்தி வருகிறது. இலையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் ஓர் உலோக உப்பைக் கலந்து சுட்டால் ஒரு பொடி கிடைக்குமாம். அதை அழுக்குத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் சாயமும் நஞ்சும் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விடுமாம். உண்மையானால் போடியைப்போல அதிர்ஷ்டம் செய்த ஊர் கிடையாது. மலை முழுக்க இலை, அடிவாரம் முழுக்க வெயில்.

உண்மைதானா?

பீக்கரில் ஒரு கஷாயம்

தமிழ்நாட்டில் வேதியியல் முதுகலை உள்ள எந்தக் கல்லூரியிலும் புராஜெக்ட் காலத்தில் எட்டிப் பாருங்கள்; செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். பத்துக் கிராம் இலையைக் கழுவி நறுக்கி, நூறு மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு வடிதாளில் வடிக்கிறார்கள். நம் வீட்டுக் கஷாயமேதான். அதில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைத்துச் சூட்டிலேயே கிளறினால் பாகு இறுகுவதுபோல் கெட்டியாகும். அந்தக் குழம்பைப் பீங்கான் கிண்ணத்தில் வழித்து, மின் உலையில் 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு பொடி. துத்தநாக ஆக்சைடு. பவுடர் டப்பாவிலும் சூட்டுக்கொப்புளக் களிம்பிலும் இருக்கும் அதே சரக்கு. துகள் மட்டும் இருபது, முப்பது நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

வேம்பு, துளசி, முருங்கை, ஆவாரம், கற்றாழை, கறிவேப்பிலை என்று கஷாயம் வைக்கப்படாத செடி அநேகமாக மிச்சமில்லை. ஏலக்காய் விதையும் தப்பவில்லை. செடி மாறும், உலோகம் மாறும், வெளுக்கப்படும் சாயம் மாறும். கட்டுரைத் தலைப்பின் எலும்புக்கூடு மாறாது. கேலிக்காகச் சொல்லவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லாத சிறு ஊர்க் கல்லூரி மாணவர், கைக்கெட்டும் பொருளை வைத்து நிஜமான ஆராய்ச்சியைத் தொட்டுப் பார்க்க இது ஒரு வாசல். வாசலிலேயே நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

இந்தச் சமையலைப் பார்க்கும் சித்த மருத்துவர் யாரும் ஆச்சரியப்பட மாட்டார். பற்பம் செய்வதும் இப்படித்தான். உலோகத்தைச் சுத்தி செய்து, கல்வத்தில் மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் இட்டு மேல் அகல் மூடி, சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். சித்தத்தில் நாகம் என்றால் துத்தநாகம். அதன் பற்பம் நாக பற்பம். ஆயுர்வேதத்தில் அதற்கு நிகரான யசத பஸ்மத்தை நவீனக் கருவிகளில் வைத்துப் பார்த்தவர்கள் அது துத்தநாக ஆக்சைடு என்றும், அதில் நானோ அளவுத் துகள்கள் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார்கள். பற்பம் சரியாக முடிந்ததா என்று பார்க்க விரல் ரேகைக்குள் புகுகிறதா, தண்ணீரில் மிதக்கிறதா, பளபளப்பும் சுவையும் அற்றுப் போயிற்றா என்ற சோதனைகள் உண்டு. துகளின் அளவைக் கண்ணும் விரலும் கொண்டு அளக்கப் பார்த்த புத்தி அது. ஆகவே சித்தர்கள் நானோ விஞ்ஞானிகள் என்று மார்தட்டத் தேவையில்லை. சாறு, உலோகம், நெருப்பு என்ற சேர்க்கை நமக்குப் புதிதல்ல என்பது மட்டும் நிஜம்.

இலை என்ன செய்தது?

இலைச் சாற்றில் நானோ துகள் செய்யும் இந்தத் துறையின் நவீனக் கதையில் ஒரு முக்கிய அத்தியாயம் புனேயில் நடந்தது. அங்குள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியும் அவருடைய குழுவினரும் 2003, 2004 ஆண்டுகளில் ஜெரேனியம் இலைச் சாற்றிலும் வேப்பிலைச் சாற்றிலும் வெள்ளி, தங்க நானோ துகள்களை உண்டாக்கிக் காட்டினார்கள். எலுமிச்சைப்புல் சாற்றில் தங்கம் முக்கோணத் தகடுகளாகவே படிந்தது. அந்த வேலையில் இலைக்கு அசலான பங்கு இருந்தது. தங்க உப்பில் தங்க அணு எலெக்ட்ரான்களை இழந்து நிற்கிறது. சாற்றிலுள்ள பொருள்கள் அந்த எலெக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுக்க, தங்கம் உலோகமாகத் திரள்கிறது. வேதியியலில் இதன் பெயர் ஒடுக்கம்.

பிறகு வந்தவர்கள் அதே வாக்கியத்தைத் துத்தநாக ஆக்சைடுக்கும் அப்படியே தூக்கி எழுதினார்கள்: இலையின் பாலிஃபினால்கள் துத்தநாக அயனிகளை ஒடுக்குகின்றன என்று. ஆனால் நைட்ரேட் உப்பில் துத்தநாகம் இரண்டு எலெக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கிறது. சுட்டு முடித்து ஆக்சைடு ஆன பிறகும் அதே இரண்டு எலெக்ட்ரான் இழந்த நிலைதான். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. டைட்டானியம் ஆக்சைடிலும், இரும்பு நைட்ரேட்டிலிருந்து செய்யும் செவ்விரும்பு ஆக்சைடிலும் இதே கதை. பிளஸ் டூ பாடத்திலேயே பிடித்துவிடக்கூடிய பிழை. அது ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு, எழுத்து மாறாமல், இருபது வருஷமாகப் பயணம் போகிறது.

அப்படியானால் இலை சும்மாவா இருந்தது? இல்லை. சாற்றிலுள்ள சர்க்கரையும் அமிலங்களும் உலோக அயனிகளைப் பிடித்துத் தனித்தனியே நிறுத்துகின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கின்றன. உலையில் அந்தச் சாறே விறகாகிறது. நைட்ரேட் ஆக்சிஜனைக் கொடுக்க, சாறு எரிந்து வாயுவாக வெளியேற, நடுவில் மாட்டிய உலோகம் பொரிபோல உப்பி நுண்பொடியாகிறது. இதை இலையில்லாமலே செய்து காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.சி. பாட்டீலும் கிங்ஸ்லியும், அலுமினிய நைட்ரேட்டோடு யூரியாவைக் கலந்து 500 டிகிரி உலையில் வைத்து, சில நிமிடங்களில் அலுமினா நுண்பொடி எடுத்தார்கள். வயலுக்கு வீசுகிற யூரியா! பின்னாளில் அதே கழகத்தில் எம்.எஸ். ஹெக்டேயும் கிரிதர் மெட்ராஸும் கிளைசினை எரிபொருளாக்கிச் செய்த டைட்டானியம் ஆக்சைடு, உலகமே அளவுகோலாக வைத்திருக்கும் ஜெர்மன் பி-25 பொடியைவிட வேகமாகச் சாயங்களை உடைத்தது.

ஆகவே இலைக் கஷாய ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியை. இலை இல்லாமலும் செய்து பார்த்தார்களா? அதே உப்பு, அதே உலை, அதே சூடு. சாற்றுக்குப் பதில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். அந்தப் பொடியும் இதே வேலையைச் செய்தால் ஏலக்காய்க்கு அங்கே பாராட்டு விழா எதற்கு? பல கட்டுரைகளில் அந்த வரி இருப்பதில்லை.

'பசுமை' என்ற பெயர்ப்பலகையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பத்துக் கிராம் துத்தநாக நைட்ரேட்டிலிருந்து அதிகபட்சம் 2.7 கிராம் ஆக்சைடுதான் தேறும். மீதியில் கணிசமான பகுதி நைட்ரஜன் வாயுக்களாக, செம்பழுப்புப் புகையாக, உலையின் புகைபோக்கி வழியே போகிறது. உலைக்கு மின்சாரம் தனி.

வெயில் கடிக்கும் விதம்

பொடி எப்படி வந்திருந்தாலும், வெயிலில் அது செய்கிற வேலையில் பொய் இல்லை. 1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர், தண்ணீருக்குள் இருந்த டைட்டானியம் ஆக்சைடுப் படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சியபோது குமிழிகள் வந்தன. ஒளி பட்டே தண்ணீர் பிளந்துகொண்டிருந்தது. 1972-ல் அவரும் ஆசிரியர் ஹோண்டாவும் 'நேச்சர்' இதழில் எழுதியதிலிருந்து ஒளிவினையூக்கம் என்ற இந்தத் துறை சூடு பிடித்தது.

நடப்பது இதுதான். போதிய வலுவுள்ள ஒளி பட்டால் படிகத்துக்குள் ஓர் எலெக்ட்ரான் துள்ளி மேல்தளத்துக்கு ஏறுகிறது. அது இருந்த இடம் காலி. அந்தக் காலியிடம் தண்ணீரிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும். பிடுங்கப்பட்டதிலிருந்து ஹைட்ராக்சில் என்ற ஒரு வெறிபிடித்த துணுக்கு பிறக்கும். குளோரின், ஓசோன் எதுவும் அதன் கடிக்கு நிற்காது. கையில் கிடைக்கும் கரிமப் பொருளைக் கடித்துவிட்டு, பிறந்த கணத்திலேயே தானும் இல்லாமல் போகும். வேலை துகளின் மேற்பரப்பில் நடப்பதால் துகள் பொடியப் பொடியக் களம் விரிகிறது. பி-25 பொடியில் ஒரு கிராமின் மேற்பரப்பைப் பிரித்து விரித்தால் ஐம்பது சதுர மீட்டர். நம் கணக்கில் ஒன்றேகால் சென்ட்.

இடைஞ்சல், அந்த 'போதிய வலு'வில் இருக்கிறது. டைட்டானியம் ஆக்சைடுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் புற ஊதா ஒளிதான் வேண்டும். நம் தலையைப் பிளக்கும் சித்திரை வெயிலிலும் அதன் பங்கு நூற்றுக்கு நாலைந்துதான். மீதியெல்லாம் இந்தப் பொடிகளுக்கு வெறும் வெளிச்சம். இரும்பு ஆக்சைடான துருவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். ஆனால் அதற்குள் எழும்பிய எலெக்ட்ரான் வேலை பார்க்குமுன் பழைய இடத்திலேயே விழுந்துவிடும். துத்தநாக ஆக்சைடோ வெயிலில் தானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அமிலத் தண்ணீரில் இன்னும் வேகமாக. கரைந்த துத்தநாகம் மீனுக்கு ஆகாது.  

வெளுப்பது எல்லாம் அழிவதல்ல

ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை மெத்திலீன் நீலம். 1876-ல் ஜெர்மனியில் பிறந்த சாயம். விலை மலிவு, நிறம் அழகு. 664 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கருவியில் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் 95 சதவீதம் 'அழிந்தது' என்று வரைபடம் போட்டுவிடலாம்.

'சாயம் வெளுத்துப் போச்சு' என்று நாம் ஒருவரைச் சொன்னால் ஆள் செத்துவிட்டார் என்றா அர்த்தம்? வேஷம் கலைந்தது, அவ்வளவுதான். மெத்திலீன் நீலமும் அந்த ரகம். பள்ளிகளில் காட்டும் 'நீலப் புட்டி' சோதனை சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். குளுக்கோஸும் காரமும் கலந்த தண்ணீரில் இந்தச் சாயத்தைச் சொட்டுவார்கள். அசையாமல் வைத்தால் நீலம் மறைந்து தண்ணீர் தெளியும். குலுக்கினால் காற்றின் ஆக்சிஜன் பட்டு நீலம் திரும்பி வரும். எதுவும் அழியவில்லை, நிறமற்ற உருவத்துக்குள் ஒளிந்துகொண்டது. இலைச் சாற்றின் மிச்சம் பொடியில் ஒட்டியிருந்தால் இதே விளையாட்டு நடக்க வாய்ப்புண்டு. அடுத்து, நுண்பொடி சாயத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளியும், சாயம் பொடியில் இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் அரை மணி நேரம் இருட்டில் வைத்துக் கலக்கி, ஒட்டுவதெல்லாம் ஒட்டி முடிந்த பிறகு விளக்கைப் போடுகிறார்கள். மூன்றாவதாக, பொடியே இல்லாமலும் வெயில் சாயத்தை வெளுக்கும். கொடியில் காய்ந்த பழைய லுங்கியே சாட்சி.

கரிமப் பொருள் நிஜமாகவே தீர்ந்ததா என்று அறிய, தண்ணீரிலுள்ள மொத்தக் கரிம கார்பனை அளக்க வேண்டும். அந்தக் கருவி எல்லாக் கல்லூரியிலும் இல்லை. ஆகவே நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சாயத்தில் இந்த அரைகுறை பெரிய ஆபத்தில்லை. பூச்சிமருந்தில் உண்டு. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளில் பாஸ்பரஸோடு ஒரு கந்தகம் இரட்டைப் பிணைப்பில் ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜனேற்றம் முதல் கடியில் அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கலாம். அப்படிக் கிடைக்கும் 'ஆக்சான்' வடிவம், நரம்பு நொதியை முடக்குவதில் மூல மருந்தைவிடக் கொடியது. உடம்புக்குள் போன மருந்து கொல்வதே அந்த வடிவமாக மாறித்தான். வெயிலில் பாதி வேலை முடிந்த தண்ணீரில் 'மூல மருந்து 90 சதவீதம் குறைந்தது' என்று ஆய்வறிக்கை சொல்லலாம். அதைக் குடிக்கும் மாட்டுக்கு அந்தச் சதவீதம் உதவாது.

சந்தைக்கு வந்தவை

இந்தியாவில் நானோ துகளும் தண்ணீரும் சேர்ந்து ஆய்வகத்தைத் தாண்டிய கதைகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு, எண்டோசல்பான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளை வெள்ளி, தங்க நானோ துகள்கள் நீரிலிருந்து நீக்குவதைக் கண்டது. 2007 வாக்கில் அது வீட்டு வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. அதே குழு பிறகு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடையும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் சேர்த்து, ஆர்சனிக்கை நீக்கும் 'அம்ரித்' முறையை உருவாக்கியது. புனேயில் இலைச்சாறு காய்ச்சிய முரளி சாஸ்திரி டாடா கெமிக்கல்ஸுக்குப் போனபின், 2009 டிசம்பரில் 'ஸ்வச்' வடிகட்டி வந்தது. அதற்குள் இருந்தது நெல் உமிச் சாம்பலில் பதித்த வெள்ளி. இவற்றில் எதுவும் ஒளிவினையூக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். உயிர்ப்பொருளுக்கு அங்கே தெளிவான வேலை இருந்தது. கைட்டோசான் தாங்கிப் பிடித்தது. உமிச் சாம்பலின் சிலிகா இடம் கொடுத்தது. பெயருக்கு வைத்த பச்சையில்லை.

ஒளிவினையூக்கம் ஜெயித்ததோ தண்ணீரில் அல்ல, சுவரில். 2001-ல் பில்கிங்டன் நிறுவனம் தானே சுத்தமாகும் ஜன்னல் கண்ணாடியைக் கொண்டுவந்தது. ஜப்பானில் டைட்டானியம் பூசிய ஓடுகள் அதற்கும் முந்தியவை. பொடி படலமாக ஒட்டியிருப்பதால் வடிகட்டி மீட்கும் தலைவலி இல்லை. தண்ணீரிலோ நிலைமை வேறு. கலங்கிய சாயத் தண்ணீரில் வெயில் ஒரு சாண்கூட இறங்காது. பொடியை மீட்டெடுக்காவிட்டால் ஒரு மாசுக்குப் பதில் இன்னொன்றை விட்டதாகும்.

நொய்யல் ஆற்றின் கதையும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஊர் முழுக்கப் பேச்சு நிறத்தைப் பற்றி. ஆனால் அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. எந்த ஒளிவினையூக்கியும் உப்பைத் தொடாது. சாயத்தை முழுசாகத் தின்றாலும் தண்ணீர் உவராகவே இருக்கும். 'திருப்பூர்க் கழிவுநீருக்குத் தீர்வு' என்று முடியும் ஆய்வு முன்னுரைகள் இதைப் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

குரங்கணிக்கு என்ன?

போடி வட்டார மக்களுக்கு விஞ்ஞானத்தைக் கேள்வி கேட்டுப் பழக்கமுண்டு. 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம் இன்றுவரை எழும்பாததற்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம். இந்தப் பொடியிடமும் கேட்கலாம்.

எனக்குப் படுவது: ஆற்றில் பொடி தூவுவது அபத்தம். ஓடுகிற தண்ணீரில் மருந்து நீர்த்துப்போய்ச் சொற்பமாக இருக்கும்; பொடி அதைத் தேடிப் பிடிக்காது. மருந்து திரண்டு இருக்கும் இடம் காலி பாட்டில், தெளிப்பான் தொட்டி, அவற்றை அலசிய தண்ணீர். ஸ்பெயினின் அல்மேரியாவில் இதைச் செய்து பார்த்தார்கள். கண்ணுக்கெட்டும் தூரம்வரை பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் காய்கறி விளையும் ஊர் அது. காலி மருந்து டப்பாக்களைச் சேகரித்து, நொறுக்கி, மறுசுழற்சிக்காகக் கழுவும் ஆலை ஒன்றில், கழுவிய நீரை 2004 வாக்கில் கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டு, பின்னால் பளபளக்கும் தகடுகளை வளைத்து வைத்து வெயிலைக் குவித்தார்கள். வினையூக்கி நானோ பொடிகூட இல்லை. சாதாரண இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும். நிறத்தை அளக்கவில்லை, கரிம கார்பனை அளந்தார்கள்.

அதற்கும் முன்னால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. டப்பாவை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட வேண்டும். உலகம் முழுக்கச் சொல்லப்படும் முறை. ஓடைக்கரையில் அலசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு வெயில் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேலே தோட்டங்கள் மாதக்கணக்கில் மேகத்துக்குள் கிடக்கும். ஸ்டோர்க்காரர்கள் காயையே விறகு மூட்டி உலர்த்துகிறார்கள், அங்கே கண்ணாடிக் குழாய் என்ன செய்யும்? மலை மழையைத் தடுத்துவிட்ட இந்தப் பக்கம், போடி மொட்டைமாடிகளில் அதே மாதங்களில் வத்தல் காய்கிறது. மருந்து மேலே, வெயில் கீழே. ஏலமூட்டை ஏற்றி இறங்கும் ஜீப்பில் காலிப் பாட்டில்களுக்கு ஒரு சாக்கு இடம் ஒதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியவில்லை. தேயிலைப் பெட்டிக்காக இதே மலையில் இரும்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.